எரிந்தால் பழுக்கும் காடும் எரிந்தால் பாழாகும் காடும்

கனடாவிலிருந்து வந்த ஒரு சிறு பொட்டலம் சில வாரங்களுக்கு முன்னர் எமது தாவரவியல் வகுப்பிலே ஒரு பெரிய கேள்வியை எழுப்பிவிட்டது. நிலாவெளிப் பக்கத்திலிருந்து படிக்க வரும் மாணவி ஒருத்தி, தன் மாமா அனுப்பிய உலர்ந்த புளூபெரிப் பழங்களைக் கொணர்ந்து வகுப்பில் எல்லோருக்கும் பகிர்ந்தாள். கருநீல நிறம், உலர்ந்த முந்திரிகைப் பழம் போன்ற உருவம், இனிப்பும் சிறு புளிப்பும் கலந்த சுவை. எமக்கும் நான்கு பழங்கள் கிடைத்தன.

"சேர், இந்தப் பழம் வரண்ட மணல் நிலத்தில்தான் காடாக வளர்கிறதாம். எங்கள் வளவும் வெறும் மணல்தானே. அங்கே இது வளருமா?" என்று அவள் கேட்டாள். அத்துடன் நின்றாளில்லை. "அந்த ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பற்றையை எரித்துவிடுவார்களாம். எரித்தால்தான் நன்றாகக் காய்க்குமாம். அப்பாவும் எங்கள் பின்வளவுப் பற்றையை இந்தக் கச்சானுக்கு எரித்துவிடலாம் என்று சொல்கிறார்," என்றாள்.

முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது செய்தியோ எம்மைத் திடுக்கிட வைத்தது. எரிப்பதற்கு ஒரு நாள் போதும். எரிந்ததை மீட்க ஒரு தலைமுறை போதாது. ஆகவே இந்த வாரம் அப்பிள்ளைக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சற்று விரித்துச் சொல்ல விழைகின்றோம்.

மணலை விரும்பும் நீலப்பழம்

புளூபெரி என்பது 'வக்சினியம்' என்னும் சாதியைச் சேர்ந்த செடி. வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலம், கனடாவின் நோவா ஸ்கோஷியா, கியூபெக் முதலிய மாகாணங்கள் ஆகியவற்றில் இது காட்டுச் செடியாகப் பரந்து கிடக்கின்றது. முழங்கால் அளவுக்கும் உயராத குறுஞ்செடி. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் முன்னர், அந்நாட்டை மூடியிருந்த பனிப்பாளங்கள் உருகி ஓடியபோது வாரி வந்து கொட்டிய மணலும் பருக்கைக் கற்களுமே அதன் இருப்பிடம். நெல்லுக்கோ கோதுமைக்கோ உதவாத மண் அது. வெள்ளையர் அங்கு குடியேறியபோது அந்நிலங்களுக்கு வைத்த பெயரின் பொருள் 'மலட்டு நிலம்' என்பதாகும். மலடு என்று அழைக்கப்பட்ட அந்நிலமே இன்று மேய்ன் மாநிலத்தில் மட்டும் பல்லாயிரம் ஏக்கர் பரப்பில் பழம் சொரிகின்றது.

இதன் மர்மம் என்ன? அம்மர்மத்தைத் துலக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெடெரிக் கோவில் என்னும் அமெரிக்கத் தாவரவியலறிஞர். அவர் 1906ஆம் ஆண்டளவில் இச்செடியை வளர்க்கும் சோதனைகளைத் தொடங்கி, 1910ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எருவிட்டுப் பண்படுத்திய செழிப்பான தோட்ட மண்ணிலே புளூபெரிச் செடி வாடிப்போயிற்று. புளிப்புத் தன்மை மிக்க, சத்துக் குறைந்த மண்ணிலோ அது தழைத்தது. சுண்ணாம்பு கலந்த மண் அதற்கு நஞ்சு போன்றது. அதற்கு முந்திய உழவர்கள் செடியைப் பெயர்த்து நல்ல மண்ணில் நட்டுத் தோற்றதன் காரணம் அப்பொழுதுதான் விளங்கிற்று. அந்நூலைக் கண்ணுற்ற எலிசபெத் வைற் என்னும் பெண்மணி நியூ ஜெர்சியிலிருந்த தம் குடும்பத்து நிலத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். காட்டிலே மிகப் பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் கண்டு சொல்லும் ஊரவர்களுக்கு அவர் கூலியும் கொடுத்தார். இருவரும் சேர்ந்து உயர்ந்து வளரும் வகையைத் தோட்டப் பயிராக்கி, 1916இல் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பினர். ஊரவரின் காட்டறிவும் அறிஞரின் ஆய்வும் கைகோத்ததன் பயன் அது.

சத்தில்லா மண்ணில் அச்செடி எவ்வாறு உயிர் வாழ்கின்றது? அதன் மயிர் போன்ற நுண்வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சணம் குடியிருக்கின்றது. மட்கிய இலைகளில் சிக்குண்டு கிடக்கும் நைதரசனைப் பூஞ்சணம் கரைத்தெடுத்து வேருக்கு ஊட்டுகின்றது. செடியோ தன் இலைகளிற் சமைத்த சர்க்கரையிலே ஒரு பங்கைப் பூஞ்சணத்துக்கு அளிக்கின்றது. வறிய வீட்டில் இருவர் கூட்டுக் குடித்தனம் நடத்துவது போன்ற ஏற்பாடு இது.

நெருப்பும் நிலத்தடித் தண்டும்

இனி, நெருப்பின் கதையைப் பார்ப்போம். புளூபெரிச் செடியில் நம் கண்ணுக்குத் தெரிவது அதன் சிறு பகுதியே. பெரும் பகுதி, மண்ணின் மேற்படைக்குச் சற்றுக் கீழே, இஞ்சி மஞ்சள் போலக் கிடையாகப் படர்ந்து செல்லும் நிலத்தடித் தண்டாகும். மேலே உள்ள கொம்பர்கள் எரிந்து போனாலும் தண்டு அழியாது. அடுத்த வேனிலில் அதிலிருந்து புதிய தளிர்கள் நெருக்கமாகக் கிளம்புகின்றன. முதலாண்டில் அவை வளர்ந்து மொட்டுக்களை உருவாக்குகின்றன. இரண்டாமாண்டில் பூத்துக் காய்க்கின்றன. பழைய கொம்பரிற் காய்ப்புக் குறைவு. புதிய கொம்பரிற் காய்ப்பு மிகுதி. ஆகவே தான் இரண்டாண்டுக்கு ஒருமுறை எரித்தோ வெட்டியோ கழித்துவிடுகின்றனர். ஐரோப்பியர் வருமுன்னரே அந்நாட்டுப் பூர்வ குடிகளான வாபனாக்கி மக்கள் இவ்வுண்மையை அறிந்து நெருப்பைப் பயன்படுத்தி வந்தனர்.

கியூபெக் மாகாணத்திலே சான் ஜான் என்னும் ஏரியைச் சூழ்ந்த நாட்டில் 1870ஆம் ஆண்டு மே மாதம் பெருந்தீ ஒன்று மூண்டது. காடும் குடியிருப்புகளும் சாம்பராயின. மக்கள் நொந்து நின்றனர். ஆனால், மரங்கள் அழிந்து வெயில் விழுந்த அந்நிலத்தில் நீலப்பழச் செடிகள் வெள்ளம் போலப் பரவின. அப்பழத்தின் பெயராலேயே அந்நாட்டு மக்களுக்கு இன்றும் பட்டப்பெயர் வழங்குகின்றது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அங்கு எரிப்பவர் கண்டபடி எரிப்பதில்லை. பனி கரைந்து மண் ஈரமாக இருக்கும் இளவேனிலிலோ, கடுங்குளிர் தொடங்குமுன்னரோ, வைக்கோலைப் பரப்பி விரைவாக ஓடி மறையும் தீயை மூட்டுகின்றனர். மேலே செத்தை எரியும். கீழே ஈரமண் குளிர்ந்தே இருக்கும். மண் உலர்ந்திருக்கும் காலத்தில் எரித்தால் மட்கும் எரிந்து, தண்டும் வெந்து, புளூபெரி நிலமும் பாழாகும். தந்தையார் கேள்வியுற்ற செய்தியில் விடுபட்டுப் போனது இப்பகுதியேயாம்.

நம் மணலின் செல்வம்

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். நாம் வாழும் ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று ஒருபுறம் நோக்கினால் உட்துறைமுகத்தின் நீலநீர் தெரியும். கடற்கரையோரமாக உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே போகப் போக மணல் நிலம் விரியும். அதற்கும் அப்பால் புல்மோட்டைக் கரையிலே இல்மனைற்றுக் கனியம் கலந்த கருமணல் உலகறிந்த செல்வம். வெண்மணலில் விளையும் செல்வத்தையோ நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை.

திருகோணமலையை வரண்ட வலயம் என்கின்றோம். ஆயின் இங்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இது இலண்டன் மாநகரம் ஆண்டு முழுவதிலும் பெறும் மழையினும் இருமடங்குக்கு மேற்பட்டது. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டைத் தாண்டி ஈரமிழந்து வரும் கச்சான் காற்று அனலாய் வீசும். மணலோ நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அற்றது. மாரியிலே விழுந்த நீருடன் சத்துக்களும் கீழிறங்கிப் போய்விடும்.

இந்நிலத்தில் வாழ வேண்டிய தாவரம் என்ன செய்யும்? புளூபெரி செய்ததைப் போன்றதொரு சிக்கனத்தையே இங்குள்ள தாவரங்களும் தம் வழியிற் செய்துள்ளன. சத்துக் கிடைப்பது அரிதாதலால் ஓர் இலையை உண்டாக்குவது பெருஞ்செலவு. ஆகவே இலை சிறிதாகவும் தடித்தும் தோல் போலவும் அமைந்து, நெடுங்காலம் உதிராது நிற்கும். பாலை மரத்தின் இலையைக் கையிலெடுத்து மடித்துப் பார்த்தவர் இதனை உணர்வர். இலையைக் காக்க முள் வேண்டும். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிலே பிரெட்றிக் கோட்டைக்குள் உலாவும் புள்ளிமான்களைக் கண்டோர், எட்டிய பசுமையை அவை எவ்வாறு கறிக்கின்றன என்பதை அறிவர். காரையும் சூரையும் கிளாவும் முள்ளை அணிந்து நிற்பதன் காரணம் இதுவே. இவற்றின் வேர்களிலும் பூஞ்சணங்கள் குடியுள்ளன. புளூபெரியின் துணைவர்களிலிருந்து அவை வேறு வகையின, எனினும் கூட்டுக் குடித்தனம் அதே இயல்பினது.

பழங்களுக்கும் குறைவில்லை. பாலைப்பழம், வீரைப்பழம், சூரைப்பழம், காரைப்பழம், கிளாப்பழம், ஈச்சம்பழம், நாவற்பழம், இலந்தைப்பழம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கருநீலம் வேண்டுமென்றால் நாவலும் கிளாவும் உள. இனிமை வேண்டுமென்றால் பாலைப்பழத்துக்கு நிகரில்லை. உதட்டில் ஒட்டிக்கொள்ளும் அதன் பாலையும் பொருட்படுத்தாது கைகைகளாக உண்ட காலம் ஐம்பது வயதை அணுகும் எமக்கு இன்றும் நினைவில் உள்ளது. மேய்னிலே கருங்கரடிகள் புளூபெரியைத் தேடித் திரிகின்றன. இங்கு நம் காட்டுக் கரடி பாலையையும் வீரையையும் நாடுகின்றது. அதன் வயிற்றினூடே சென்ற விதைகள் தாய்மரத்துக்கு அப்பால் போய் விழுகின்றன. கொண்டைக் குருவி, மைனா, பழந்தின்னி வௌவால் ஆகியவையும் இந்த விதைப்புத் தொழிலிற் பங்காளிகளே.

இங்கே தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். மழைவளம் குன்றிய வேனிலிலே காடும் மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தை அடைகின்றன என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. திணைப்பெயராகிய பாலை எந்த மரத்தைக் குறித்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பாலை நிலம் இயற்கையாக அமைந்த தனி நிலமன்று, கெட்டுப்போன நிலமே என்ற அக்கருத்தைச் சூழலியல் கற்கும் எவரும் வியவாதிருத்தல் இயலாது. நாம் இன்று பாலை என்றழைக்கும் மரமோ, கச்சான் அனலிலும் பசுமை மாறாது நின்று, நிலம் கெடாதபடி காக்கின்றது!

நம் காடு ஏன் நெருப்புக்கு நட்பன்று?

மணல், வறுமை, சிறிய இலை, வேர்ப் பூஞ்சணம், இனிய பழம், கரடி என்று இத்தனையும் ஒத்திருக்க, நெருப்பில் மட்டும் ஏன் வேறுபாடு? இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, உயிர்நிலை இருக்கும் இடம். புளூபெரியின் சேமிப்பு மண்ணுக்குள் உள்ளது. பாலையின் சேமிப்பு மண்ணுக்கு மேலே, அடிமரத்திலும் கொம்பரிலும் உள்ளது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். அதன் வைரம் நீரில் இட்டால் அமிழும் பாரம் உடையது. முன்னாளில் உலக்கைக்கும் செக்குக்கும் பாலத்துக்கும் அதனை நாடியதும் அதனாலேயே. முதிர்ந்த மரம் சிறு தீயைத் தாங்கினும் தாங்கும். இளங்கன்று தாங்காது. வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும் ஆற்றல் பல மரங்களுக்கு உண்டு. ஆனால் ஆண்டுதோறும் எரித்தால் அந்த ஆற்றலும் வற்றிவிடும்.

இரண்டாவது, காலம். பாலைப்பழம் பழுப்பது கச்சான் தொடங்கும் மாதங்களில். விழுந்த விதை மாரி வரும்வரை சருகின் கீழ்க் காத்திருக்க வேண்டும். நாம் பற்றைக்குத் தீ வைப்பது எப்பொழுது? பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், அதாவது விதை விழுந்ததற்கும் மழை விழுவதற்கும் இடையிலே! மண் துளி ஈரமும் அற்றிருக்கும் அந்நாளில் தீ தங்கி எரிகின்றது. ஓராண்டின் விதை முழுவதும் ஒரே மாலையிற் பொரிந்துபோகின்றது.

மூன்றாவது, எரிந்தபின் வருவது யாது என்பது. கியூபெக்கில் எரிந்த இடத்தில் வந்தது நீலப்பழம். இங்கு எரிந்த இடத்தில் முந்தி வருவன இலுக்குப்புல்லும், ஆபிரிக்காவிலிருந்து வந்த கினிப்புல்லும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த நாயுண்ணிச் செடியுமாம். புல் விரைவாக வளர்ந்து கச்சானில் உலர்ந்து, அடுத்த தீக்குத் தானே விறகாகின்றது. தீ புல்லை வளர்க்கின்றது. புல் தீயை வளர்க்கின்றது. இச்சுழலுக்குள் அகப்பட்ட நிலத்தில் பாலைக் கன்று தலை தூக்குவதேது? ஈச்சு போன்ற சில தாவரங்கள் குருத்தை மட்டையடிகளுக்குள் மறைத்து ஓரளவு தப்பிக்கொள்ளும். மற்றவை ஒவ்வொன்றாக மறையும்.

நாயுண்ணியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதன் பழம் சிறிது, திரட்சியானது, கருநீல நிறத்தது. படத்திற் கண்ட புளூபெரி என்று சிறு பிள்ளைகள் மயங்க இடமுண்டு. அதன் பச்சைக் காய் நஞ்சுடையது. இலையைத் தின்ற ஆடுமாடுகளும் நோயுறுவதுண்டு. நிறம் ஒத்ததனால் குணமும் ஒக்கும் என்று கருதலாகாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

நம் முன்னோர் சேனைப் பயிர் செய்தபோது காட்டை எரிக்கவில்லையா என்று சிலர் வினவலாம். எரித்தனர். ஆயின் இரண்டோர் ஆண்டு விதைத்தபின் பல்லாண்டு அந்நிலத்தைத் தரிசாக விட்டனர். வேரும் அடிக்கட்டையும் துளிர்த்து, பறவை விதைத்து, காடு ஓரளவு மீள அந்த இடைவெளி உதவியது. இடைவெளி குறையக் குறைய முட்பற்றையும் புல்லுமே எஞ்சின. ஆண்டுதோறும் வைக்கும் தீயில் இடைவெளி என்பதே இல்லை.

பின்வளவுக்குச் சென்றபோது

மாணவி மறுபடியும் வந்து, "அப்பா நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்கிறார், சேர்," என்றாள். ஒரு சனிக்கிழமை மாலையிற் சென்றோம்.

அவர்கள் குடும்பம் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பல்லாண்டு வேறிடங்களில் வாழ்ந்து, 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னரே மீண்டு வந்தது. திரும்பி வந்தபோது வீடிருந்த இடம் தெரியவில்லையாம். பற்றை மூடிக் கிடந்ததாம். முன்வளவை இயந்திரம் கொண்டு துப்புரவாக்கினர். பணம் போதாமையால் பின்வளவு அப்படியே விடப்பட்டது. அப்பற்றையைத் தந்தையார் வெறுத்ததில் வியப்பில்லை. அது அவருக்கு இழந்த ஆண்டுகளின் அடையாளம். பாம்பு வரும் என்ற அச்சமும் உண்டு.

"மாஸ்டர், இது வெறும் பற்றை. எரித்தால் காணி வெளிக்கும். ஏதாவது பயன்மரம் வைக்கலாம்," என்றார் அவர்.

உள்ளே நுழைந்தோம். கிளாவும் சூரையும் வேலி போலப் பின்னிக் கிடந்தன. அவற்றின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் பாலைக் கன்றுகள் பதினொன்றை எண்ணினோம். யாரும் நட்டவையல்ல. தெருவோரத்தில் நின்ற முதுபாலையின் விதைகளைப் பறவையும் வௌவாலும் கொண்டுவந்து போட, முட்பற்றை அவற்றை ஆடுமாட்டின் வாயிலிருந்து காத்து, வெயிலிலிருந்து மறைத்து, இத்தனை ஆண்டு வளர்த்திருக்கின்றது. பற்றை என்று இகழப்பட்டது உண்மையில் ஒரு நாற்றுமேடை! அவ்வீட்டார் இல்லாத காலத்தில் அவர்களுக்காக அது ஒரு சோலையைத் தொடங்கி வைத்திருந்தது.

மாணவியின் அம்மம்மா கோலை ஊன்றியபடி பின்னால் வந்தார். முதுபாலையைச் சுட்டிக்காட்டி, "தம்பி, நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்த நாளிலும் அந்தப் பாலை இந்த அளவில்தான் நின்றது. இவன் சின்ன வயதில் அதன் பழத்தைத் தின்றுவிட்டுச் சோறு வேண்டாம் என்று அடம்பிடிப்பான். இப்போது எரிக்கப் போகிறானாம்," என்றார். தந்தையார் சிரித்தார், ஆனால் கையிலிருந்த கத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

நாம் அவருக்குச் சொன்ன யோசனைகள் சில. வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் பற்றையை வெட்டித் துப்புரவாக வைத்தால் பாம்பச்சம் குறையும். வேலியோரத்தில் புல்லைச் செதுக்கி வெறும் மண் தெரியும் கீற்றொன்று விட்டால் அயலார் வைக்கும் தீ உள்ளே வராது. நாயுண்ணியை மழை தொடங்கி மண் இளகும்போது வேரோடு பிடுங்கலாம். வெட்டிய குழையையும் சருகையும் எரியாமல் மரத்தடியிற் குவித்தால் மணல் நீரைப் பிடிக்கும் தன்மையைப் பெறும். பாலைக் கன்றுகளுக்கு இடையே வெளி உள்ள இடத்தில் நாவலும் வேம்பும் வைக்கலாம். எரிப்பதற்குச் செலவாகும் ஒரு தீக்குச்சியை விட இவற்றுக்குச் செலவு அதிகந்தான். தந்தையார் அதனை மறுக்கவில்லை, நாமும் மறைக்கவில்லை. பாதிக் காணியைப் பயிருக்கு எடுத்துக்கொண்டு, பாலை நிற்கும் பாதியைத் தீண்டாமல் விடுவது என்று அவர் முடிவு செய்தார்.

புளூபெரி நடலாமா என்ற முதற் கேள்விக்கும் அங்கேயே விடை கூறினோம். நிலாவெளி மணல் பார்வைக்கு மேய்ன் மணலைப் போன்றிருப்பினும், அதில் சிப்பியும் சங்கும் பொடிந்த சுண்ணாம்பு கலந்துள்ளது. புளூபெரிக்கு அது ஆகாது. அதன் மொட்டு விரிவதற்கு ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் கடுங்குளிர் வேண்டும். நம் கரையிலோ மார்கழி இரவிலும் போர்வை ஒன்று மிகுதி. அச்செடியின் உறவினரை இலங்கையிற் காண விரும்புவோர் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம். அவ்வுயர்ந்த மலைநாட்டின் குளிரில் வக்சினியம் சாதியைச் சேர்ந்த சிறு மரங்கள் இயற்கையாகவே வளர்கின்றன.

மாணவர்க்கு ஒரு வேலை

விடுமுறையில் மாணவர் செய்யத்தக்க எளிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் உள்ள ஒரு பாலையையோ நாவலையோ தேர்ந்துகொள்ளுங்கள். அதன் நிழலில் எத்தனை கன்றுகள் உள்ளன என்று எண்ணுங்கள். அண்மையிலுள்ள எரிந்த நிலத்தில் அதே பரப்பில் எத்தனை உள்ளன என்றும் எண்ணுங்கள். பூக்கும் நாள், பழுக்கும் நாள், வந்து உண்ணும் பறவைகள் ஆகியவற்றைக் கொப்பியிற் குறியுங்கள். மூன்றாண்டு தொடர்ந்து குறித்தால், அது உங்கள் ஊரைப் பற்றிய பயனுள்ள பதிவாக அமையும். எலிசபெத் அம்மையாருக்குக் காட்டுச் செடிகளைக் காட்டிக் கொடுத்த ஊரவர் பட்டம் பெற்றவரல்லர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பாலைப்பழக் காலத்திலே பழம் பறிப்பதற்காகக் கொம்பரையே தறித்து வீழ்த்தும் வழக்கம் வன்னியிலும் நம் பக்கத்திலும் பரவியுள்ளது. தறித்த கொம்பர் மீண்டும் அந்த அளவுக்கு வரப் பல்லாண்டு செல்லும். வீதியோரத்தில் பழம் வாங்கும்போது, கொம்பரோடு கொணர்ந்த பழத்தை வேண்டாம் என்று சொல்வதும் மரத்துக்குச் செய்யும் உதவியே.

அயல்நாட்டார் தம் மண்ணை அறிந்து, அதன் இயல்புக்கேற்ற முறையைக் கண்டுபிடித்தனர். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்த அறியும் முயற்சியையே. அவர்கள் வைத்த தீயை அன்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவி ஒரு செய்தி சொன்னாள். பதினொரு பாலைக் கன்றுகளில் ஒன்றில் இவ்வாண்டு முதன்முறையாகச் சில பழங்கள் கண்டனவாம். அம்மம்மா அவற்றைப் பறிக்க விடவில்லையாம். "முதற் பழம் குருவிக்கு," என்றாராம். அவர் சூழலியல் படித்தவரல்லர். ஆயினும் அதன் முதற் பாடத்தை அவர் பிழையறக் கூறிவிட்டார்.